உப்புக்காற்று ஊரில் எந்தக் கார் உழைக்கும்: உள்நாட்டுக் காரா, வெளிநாட்டுக் காரா?

கீழக்கரையான்:
எல்லோருக்கும் சலாம், வணக்கம். துபாய் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டேன். அங்கே ஓட்டியது டொயோட்டா கேம்ரி. ஆயில், டயர், பேட்டரி இவற்றை நேரத்துக்கு மாற்றினேன். அதற்கு மேல் அந்த வண்டி என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது இங்கே ஒரு கார் வாங்க வேண்டும். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. மச்சான், டாடா மகிந்திரா இரண்டில் ஒன்றை எடு, நம்ம ரோட்டுக்கு நம்ம நாட்டு வண்டிதான் என்கிறார். மாமா, ஜப்பான்காரன் செய்ததைத் தவிர வேறு எதையும் வாசலில் நிறுத்தாதே என்கிறார். கூட்டாளி ஒருவர், முழுசாக வெளிநாட்டிலிருந்து இறக்கின ஜெர்மன் கார், ஏழு வருஷப் பழசு, கொச்சியில் மலிவாகக் கிடைக்கிறது என்று படம் அனுப்பியிருக்கிறார். துபாய் கேம்ரியையே கொண்டுவந்தால் என்ன என்றும் ஒரு யோசனை.

உம்மாவுக்கு இருதய வைத்தியம் மதுரையில் நடக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பினாலும் வழியில் நிற்காமல் போய்ச் சேர வேண்டும். வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம். வாங்கினால் பத்து வருஷமாவது வைத்திருப்பேன். சொகுசு இரண்டாம் பட்சம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தீவு டாக்ஸி:
காக்கா (அண்ணே), நான் ராமேஸ்வரத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். வண்டி ஒரு நாள் நின்றால் எங்களுக்கு அன்றைய வருமானம் போச்சு. அதனால் இந்தக் கேள்விக்கு நாங்கள் கைக்காசு போட்டுத்தான் பதில் தெரிந்துகொண்டோம். ஸ்டாண்டில் வந்து நின்று பாருங்கள். டிசையர், எட்டியோஸ், எர்டிகா, இன்னோவா, கிராமத்துப் பக்கம் போக பொலிரோ. இந்த வண்டிகளுக்கு வாட்டர் பம்ப் போனால் ராமநாதபுரம் கடையிலேயே இருக்கும். இல்லாவிட்டால் மதுரையிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடுவார்கள், சாயங்காலம் வண்டி ஓடும்.

போன கோடையில் தனுஷ்கோடி அரிச்சல்முனை ரோட்டில் ஒரு குடும்பம் வந்த விலை உயர்ந்த வெளிநாட்டுக் கார் நின்றுவிட்டது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. கூலன்ட் போகும் பிளாஸ்டிக் குழாய், இணைப்பில் விண்டுவிட்டது. எங்கள் வண்டியாக இருந்தால் ஒரு ஹோஸும் இரண்டு கிளிப்பும் போட்டு மண்டபம் வரை ஓட்டியிருப்போம். அது அந்த வண்டிக்கென்றே வார்த்த குழாய், வேறெதுவும் பொருந்தவில்லை. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது அந்த ரோட்டில். கைக்குழந்தையோடு வந்தவர்களை என் வண்டியில் ஏற்றி ராமேஸ்வரம் கொண்டுவந்து விட்டேன். மதுரையிலிருந்து லாரி வந்து காரைத் தூக்கிக்கொண்டு போனது. சாமான் வந்து வண்டி கைக்குக் கிடைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனதாக அவர் பிறகு போனில் சொன்னார். உம்மாவை வைத்துக்கொண்டு நீங்கள் அந்த நிலைமையில் நிற்கக் கூடாது.

தொண்டி ஒரகடம்:
துபாய் கேம்ரி யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். அங்கே ஸ்டியரிங் இடது பக்கம். வெளிநாட்டில் ஓடிய காரை இங்கே நிரந்தரமாகக் கொண்டுவர வேண்டுமென்றால் ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும், மூன்று வருஷத்துக்கு மேல் பழசாகியிருக்கக் கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் இறக்க வேண்டும். அதற்கு மேல் தீர்வை வேறு. காரின் விலையைத் தாண்டியே தீர்வை வந்துவிடும்.

நான் ஒரகடம் பக்கம் கார் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். உங்கள் வீட்டில் நடக்கும் சண்டை பாதி இல்லாத ஒன்றைப் பற்றியது. எது உள்நாட்டுக் கார், சொல்லுங்கள்? 1983-இல் வந்த மாருதி 800 சுசுகியின் வடிவம், தொடக்கத்தில் சாமான்களும் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்தவை. மகிந்திராவின் பழைய டீசல் எஞ்சின்கள் பியூஜோ உரிமத்தில் வளர்ந்தவை. ஒரு காலத்தில் ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ எல்லாவற்றிலும் இருந்த 1.3 லிட்டர் டீசல், இத்தாலிய ஃபியட்டின் மல்டிஜெட். தீவுத் தம்பியின் ஸ்டாண்டில் நின்ற டிசையர்களில் எத்தனை அந்த எஞ்சினோடு ஓடி உழைத்திருக்கும்! மறுபக்கம், ஹூண்டாய் 1998-இலிருந்து இருங்காட்டுக்கோட்டையில் வண்டி செய்கிறது. மறைமலை நகரில் செய்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 2018 முதல் அமெரிக்காவுக்கே போய் விற்றது. அங்கே உள்ளவனுக்கு அது இறக்குமதிக் கார், செங்கல்பட்டுக்காரருக்கு அது உள்ளூர்க் கார். வண்டி ஒன்றுதான்.

அதே ஃபோர்டு 2021-இல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. செவர்லே 2017 முடிவோடு இங்கே விற்பதை நிறுத்தியது. பத்து வருஷம் வைத்திருப்பவர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கம்பெனி சர்வீஸ் தருவதாகச் சொல்லும், தரவும் செய்யும். ஆனால் வண்டி எண்ணிக்கை குறையக் குறைய, ராமநாதபுரம் மாதிரி ஊரில் அந்த வண்டியின் பம்பரையும் கதவையும் எந்தக் கடைக்காரர் வாங்கி அடுக்கி வைப்பார்?

ராம்நாடு பட்டறை:
ஸ்பேர் விஷயம் தம்பிகள் இரண்டு பேரும் சரியாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் இந்தக் கரையில் எஞ்சினுக்கு முன்னால் பாடி போய்விடுகிறது பாய். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வருஷம். ஒன்று பரமக்குடி வண்டி, இன்னொன்று பாம்பன் வண்டி. இரண்டையும் லிஃப்டில் ஏற்றினால் யாருக்கும் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. பரமக்குடி வண்டியின் அடியில் செம்மண் புழுதி இருக்கும், தட்டினால் உதிரும், உள்ளே பெயிண்ட் அப்படியே இருக்கும். பாம்பன் வண்டியில் போல்ட்டின் தலை தேய்ந்து உருண்டையாகியிருக்கும், ஸ்பேனர் வழுக்கும். அதைக் கழற்ற கேஸ் கட்டிங் வைக்க வேண்டியதாகிவிடும். ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள்ளேயே இறுகியிருக்கும். பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் பின் நகராது. அதனால் ஒரு பக்கம் பிரேக் பேட் மட்டும் தேய்ந்து தகடு தட்டும். சைலன்சர் கிளாம்ப் கையில் பொடிப்பொடியாக வரும். ஏசி கண்டென்சரின் அலுமினிய இதழ்கள் விரல் பட்டாலே உதிரும். இது எல்லாக் கம்பெனி வண்டிக்கும் நடக்கிறது. டாடாவையும் விடாது, ஜப்பானையும் விடாது, ஜெர்மனையும் விடாது. சீக்கிரமா, தாமதமா என்பதில்தான் வித்தியாசம்.

அதிலும் மோசமானவை மீன் ஏற்றும் வண்டிகள். ஐஸ் உருகி மீன் தண்ணீர் பெட்டியிலிருந்து சொட்டி, பிளாட்பார இடுக்கில் இறங்கி, வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸ் கட்டையின் உள்பக்கம் தேங்கும். வெளியில் பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே சல்லடையாகியிருக்கும். பழைய வண்டி வாங்குபவர்கள் இதற்கு முன் என்ன ஏற்றினார்கள் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மிச்சிகன் தேவிபட்டினம்:
ஊர்க்காரர்களுக்கு வணக்கம். இங்கே அமெரிக்காவிலும் இதே வாதம் ஐம்பது வருஷமாக நடக்கிறது, இங்கே அது ஜப்பான் காரா அமெரிக்கக் காரா என்று. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

கலிஃபோர்னியாவில் ஃபிரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸின் தொழிற்சாலை ஒன்று, தரத்தில் கெட்ட பெயர் எடுத்து 1982-இல் மூடப்பட்டது. 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதைத் திறந்தன. தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்கள்தான். மாறியது வேலை முறை. வரிசையில் குறை கண்டால் யார் வேண்டுமானாலும் கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம் என்றார்கள். கொஞ்ச காலத்திலேயே அங்கிருந்து வந்த கார்கள் தரத்தில் முன்னுக்கு வந்துவிட்டன. அங்கேயே டொயோட்டா கொரோலாவும் ஜெனரல் மோட்டார்ஸின் ஜியோ பிரிசமும் ஒரே வரிசையில் செய்யப்பட்டன, அடிப்படையில் ஒரே கார். பிரிசம் பழைய சந்தையில் குறைந்த விலைக்குப் போகும். விவரம் தெரிந்தவர்கள் அதைத் தேடி வாங்குவார்கள். உங்கள் ஊரில் மாருதி பலேனோவும் டொயோட்டா கிளான்சாவும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, உப்பு. இங்கே குளிர்காலத்தில் பனியை உருக்க ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். டொயோட்டா டகோமா என்ற பிக்கப் வண்டி, எஞ்சின் சாகவே சாகாது என்று பெயர் எடுத்தது. அதன் சேஸ் இந்த உப்பில் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. 2008-இல் கம்பெனி பழைய வண்டிகளின் சேஸுக்கு மட்டும் 15 வருஷம் வரை வாரண்டியை நீட்டித்தது, பல வண்டிகளைத் திரும்ப விலைக்கே வாங்கிக்கொண்டது. அப்புறம் டகோமா, டண்ட்ரா, செக்கோயா என்று சுமார் 15 லட்சம் வண்டிகள் தொடர்பான வழக்கில் 2016-இல் 340 கோடி டாலர் வரை செலவாகக்கூடிய சமரசத்துக்கு வந்தது. எஞ்சின் நம்பகத்தில் உலகப் பெயர் எடுத்த கம்பெனிக்கே இந்தக் கதி. ஆகவே பட்டறை அண்ணன் சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே வரும் தரவரிசைகளைப் பார்த்து யாரும் ஊரில் வண்டி வாங்காதீர்கள். ஜே.டி. பவர் என்ற ஆய்வு நிறுவனத்தின் நம்பகக் கணக்கு மூன்று வருஷ வண்டிகளை வைத்து எடுப்பது; புளூடூத் இணையவில்லை என்பதும் அதில் ஒரு குறையாக ஏறும்.

மண்டபம் கேம்ப்:
எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டீர்கள். நான் மாறுபடுகிறேன். என்னிடம் ஜப்பானிலேயே செய்து இங்கே இறக்கின எஸ்.யு.வி. இருக்கிறது, நான் மூன்றாவது சொந்தக்காரன். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ரோடு மட்டும்தான். இன்று வரை கதவு அடியில் ஒரு கொப்புளம் இல்லை.

இந்த ஊர்க் காற்று எப்படிப்பட்டது என்று எனக்குச் சொல்ல வேண்டாம். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்), உலோகத் துண்டுகளைக் காற்றில் மாட்டிவைத்து அரிப்பை அளக்க மண்டபத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. 2025-இல் திறந்த புதுப் பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டு, பாலிசிலாக்சேன் என்ற துருத்தடுப்புப் பூச்சு அடித்திருக்கிறார்கள். ஏன்? பொருளிலும் பூச்சிலும் போட்ட காசு நிற்கும் என்பதால்தான். பாலத்துக்குப் பொருந்துவது காருக்கும் பொருந்தும். துத்தநாகம் பூசிய தகடு, இடுக்குகளில் மெழுகு, கனமான அடிப்பூச்சு, இதற்கெல்லாம் சேர்த்துத்தான் அந்த விலை. சாமான் வர நாளாகும், ஒத்துக்கொள்கிறேன். எது தேயும் என்று தெரிந்து முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறேன். ஸ்பேர் தூரத்தில் இருக்கிறது என்பதற்காக நல்ல தகட்டைக் குறை சொல்லக் கூடாது.

தொண்டி ஒரகடம்:
ஐயா, தகட்டைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் அது இறக்குமதிக்கு மட்டும் உரியது இல்லை. இங்கே செய்யும் காரும் முழு பாடியாகத் தொட்டியில் முங்கி, மின்சாரம் பாய்ச்சி அடிப்பூச்சு ஏறித்தான் வெளியே வருகிறது. எந்தெந்தத் தகட்டுக்குத் துத்தநாகம் என்பது மாடலுக்கு மாடல் மாறும், விலைக்கு விலை மாறும். ஒரே கம்பெனியின் சின்ன வண்டிக்கும் பெரிய வண்டிக்குமே இதில் வித்தியாசம் உண்டு. அதனால் எந்த நாடு என்று கேட்காமல், துரு துளைத்தால் எத்தனை வருஷ வாரண்டி என்று ஷோரூமில் எழுத்தில் கேளுங்கள். அங்கே தெரிந்துவிடும் அவர்கள் நம்பிக்கை.

கூடவே, பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தாலும் துபாய்க்குப் போகும் வண்டியும் இங்கே விற்கும் வண்டியும் ஒன்றில்லை. வளைகுடாவுக்கு ரேடியேட்டரும் ஏசியும் கூடுதல் திறனோடு போகும். பெட்ரோலும் வேறு. இப்போது நம்ம பங்குகளில் இ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பிறகு இங்கே செய்த வண்டிகள் அதற்கேற்ற ரப்பர், குழாய்களோடு வருகின்றன. எப்போதோ வேறு நாட்டுக்கென்று செய்த காருக்கு அந்த உத்தரவாதம் யார் தருவது?

உச்சிப்புளி டீச்சர்:
நான் வேதியியல் ஆசிரியை. இங்கே யாரும் தொடாத ஒன்று, கார் கழுவும் தண்ணீர். நம் கரையோரத்தில் பெரும்பாலான போர் தண்ணீர் உப்பு. குடிக்க முடியாது என்று காவிரிக் கூட்டுக் குடிநீருக்குக் குடத்தோடு காத்திருக்கிறோம். அதே போர் தண்ணீரைப் பீய்ச்சி வாட்டர் சர்வீஸ் செய்கிறோம். உப்பைக் கழுவுவதற்கு உப்புத் தண்ணீர்! காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு தெரிகிறதே, அதுதான் கதவின் மடிப்புக்குள்ளும் போய் உட்காருகிறது.

சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். நம் ஊரில் பின்னிரவிலும் விடியற்காலையிலும் அந்த அளவு சுலபமாகத் தாண்டும். மழையே பெய்யாவிட்டாலும் உங்கள் கார் ராத்திரி முழுக்க உப்புக் கரைசலில் நனைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிளாஸ்டிக் கவரை இழுத்து மூடினால் அந்த ஈரம் உள்ளேயே தங்கும். கவர் வேண்டாம், காற்று புகும் கொட்டகை போடுங்கள். அடிப்பக்கத்தையாவது நல்ல தண்ணீரில் கழுவுங்கள், இரண்டு குடம் போதும். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். உள்ளே பாறை மாதிரி படியும்.

ராம்நாடு பட்டறை:
டீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு. மண்டபம் ஐயாவின் வண்டியை நானே லிஃப்டில் ஏற்றிப் பார்த்திருக்கிறேன். அடிப்பக்கம் அவர் சொல்கிற மாதிரி சுத்தம்தான். ஆனால் ஐயா, உங்கள் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு, வண்டி நிற்பது ஓட்டுக் கொட்டகையில், அரிச்சல்முனை போய் வந்தால் அன்றைக்கே கழுவுகிறீர்கள். அந்தக் கவனிப்போடு ஒரு பொலிரோவை வைத்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

மண்டபம் கேம்ப்:
கவனிப்பு பாதி, தகடு பாதி. அதற்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.

மிச்சிகன் தேவிபட்டினம்:
கொச்சிக் காருக்கு ஒன்று சொல்ல மறந்துபோனேன். தகாட்டா என்ற ஜப்பான் கம்பெனி செய்த ஏர்பேக்குகளின் விவகாரம். அந்தப் பைகளை ஊத வைக்கும் அம்மோனியம் நைட்ரேட், வருஷக்கணக்கில் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, விபத்தில் குண்டு மாதிரி வெடித்து உலோகத் துண்டுகளை எறிந்தது. இங்கே திரும்ப அழைத்தபோது ஃபுளோரிடா மாதிரி ஈரமான கரையோர மாநிலங்களுக்குத்தான் முதலிடம் கொடுத்தார்கள். பல நாட்டுக் கம்பெனிகளின் கார்களிலும் அது இருந்தது, இந்தியாவிலும் திரும்ப அழைத்தார்கள். நம் கரையும் அதே வெப்பம், அதே ஈரம். பழைய வண்டி எதுவானாலும் சேஸ் நம்பரைக் கொடுத்து, திரும்ப அழைத்த வேலைகள் எல்லாம் முடிந்ததா என்று கம்பெனியிடம் கேளுங்கள்.

கீழக்கரையான்:
எல்லோருக்கும் நன்றி. கொச்சிக் காரை விட்டுவிட்டேன். கேரள நம்பரை நம்ம ராமநாதபுரம் டி.என். 65-க்கு மாற்ற என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), ஆயுள் வரி என்று அது வேறு செலவு. இப்போது இரண்டு யோசனை. ஒன்று, புதுசாக டாடாவிலோ மகிந்திராவிலோ எடுப்பது. இன்னொன்று, பரமக்குடியில் ஒரு டாக்டர் வைத்திருக்கும் 2019 இன்னோவா கிரிஸ்டா டீசல், ஒரே கை. மாமா இதற்குத் தலையாட்டிவிட்டார். மச்சான் முகம் தூக்கி வைத்திருக்கிறார். பட்டறை அண்ணே, இன்னோவாவில் எதைப் பார்க்க வேண்டும்? புதுசு எடுத்தால் அண்டர் கோட்டிங் அடிக்கலாமா?

ராம்நாடு பட்டறை:
பாய், கடலுக்குத் தள்ளியுள்ள ஊர் வண்டி, ஒரே கை என்றால் போய்ப் பாருங்கள். இன்ஜினைப் பிறகு பார்க்கலாம். முதலில் நாலு கதவையும் திறந்து, அடி மடிப்பில் விரலை வைத்து நெடுக நீவுங்கள். பெயிண்ட் உப்பியிருந்தால் விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு கதவின் அடியிலும் சின்னச் சின்ன வடிகால் ஓட்டை இருக்கும். ஒரு ஈர்க்குச்சி விட்டுப் பாருங்கள், மணல் கொட்டினால் அந்த வண்டி கடற்கரையில் அதிகம் நின்றிருக்கிறது. அப்புறம் ஸ்டெப்னி மாட்டும் இடம், சேஸில் பின்பக்கக் குறுக்குக் கட்டை. இன்னோவா, ஸ்கார்பியோ, பொலிரோ மூன்றும் சேஸ் வண்டி. அந்தக் கட்டையை ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், சொத்தென்று கேட்டால் வேண்டாம். புதுசாகக் கறுப்பு பெயிண்ட் அடித்து மினுக்கினால் அதைவிட அதிகச் சந்தேகம் வர வேண்டும். காந்தத்தை ஒரு துணியில் சுற்றி வீல் ஆர்ச்சில் வைத்துப் பாருங்கள், பட்டி வைத்த இடத்தில் ஒட்டாது.

புது வண்டிக்கு அண்டர் கோட்டிங் நல்லதுதான், முதல் வாரத்திலேயே அடித்தால். நாலு மாதம் ஓட்டிவிட்டு மேலே தார் பூசினால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலை. அடிக்கிற பையனுக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். வடிகால் ஓட்டை, பிரேக் பைப் கிளிப், சைலன்சர் இந்த மூன்றிலும் பூச்சு படக் கூடாது. ஓட்டையை அடைத்துவிட்டால் ஒரு மழைக்காலத்தில் கதவு உள்ளிருந்து போய்விடும். சேஸ் கட்டைக்குள் மெழுகு பீய்ச்சச் சொல்லுங்கள், கேட்டால்தான் செய்வார்கள்.

தீவு டாக்ஸி:
காக்கா, எதை எடுத்தாலும் ஃபேன் பெல்ட், ஒரு செட் ஹோஸ், இரண்டு லிட்டர் கூலன்ட், ஃபியூஸ் பெட்டி இவற்றை டிக்கியில் போட்டு வையுங்கள். ராத்திரி மதுரைக்குப் போகும்போது மானாமதுரைக்கும் திருப்புவனத்துக்கும் நடுவில் கடை எதுவும் திறந்திருக்காது. பரமக்குடி வண்டியைப் பார்க்கப் போகிற அன்றைக்குச் சொல்லுங்கள், அந்தப் பக்கம் சவாரி இருந்தால் நானும் வந்து நிற்கிறேன்.

கீழக்கரையான்:
ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறேன், தம்பி. மச்சானையும் கூட்டிப் போகிறேன். சேஸ் கட்டையைத் தட்டிப் பார்க்கட்டும், சத்தம் நன்றாகக் கேட்டால் அவரே பேரம் பேசட்டும்.